பரம்படித்த வயலில் ஒரு ரேடியோ துடிப்பு: பலூனில் நியூட்ரினோ தேடும் வித்தையைக் கற்க முதல் படிகள்

நியூட்ரினோ (மின்னூட்டம் இல்லாத, பொருளை எளிதில் ஊடுருவிப் போகும் நுண்துகள்) என்றதும் நம் ஊரில் பலருக்கும் தேனி பொட்டிப்புரம் மலைதான் நினைவுக்கு வரும். அது வேறு கணக்கு. அங்கே திட்டமிட்டது, காற்றுமண்டலத்தில் உண்டாகும் சாதாரண நியூட்ரினோக்களை 50 ஆயிரம் டன் இரும்பை வைத்துப் பிடிப்பதற்கு. இந்தக் கட்டுரை பேசுவது அதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு ஆற்றல் கொண்டவற்றைப் பற்றி. 10இன் 18ஆம் அடுக்கு எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஒரே துகளில் 0.16 ஜூல். தரையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை ஒரு முழம் உயரம் தூக்க அவ்வளவு போதும். ஒரு துகளுக்கு அது அநியாய ஆற்றல்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் இயற்பியலோ எலக்ட்ரானிக்ஸோ படிக்கிறவர்கள், இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளைத் திறந்து நாலாவது பக்கத்தில் மூடிவிடுகிறவர்கள், இவர்களுக்காக எழுதியது இது. டெல்டாவில் உட்கார்ந்து நியூட்ரினோ பிடிக்க முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் அண்டார்டிகாவுக்கு மேலே பலூனில் பறந்த அனிட்டா என்ற கருவி ஒரு துடிப்பை எப்படி நம்பியது, எப்படி ஒதுக்கியது என்பதை அடுக்களை கேஸ் லைட்டர், இரண்டு பந்தல் மூங்கில், டிஷ் கேபிள், கல்லூரி ஆசிலோஸ்கோப் (சுருக்கமாக ஸ்கோப்) ஆகியவற்றை வைத்து நாற்று நடும் முன் ஒரு பிற்பகலில் கண்ணால் பார்த்துவிடலாம்.

எதைத் தேடுகிறார்கள்

இவ்வளவு ஆற்றலுள்ள நியூட்ரினோ பனிக்கட்டிக்குள் ஓர் அணுக்கருவில் மோதினால் எலக்ட்ரான், பாசிட்ரான், ஃபோட்டான் கூட்டம் ஒன்று பொழிவாகக் கிளம்பும். வழியில் இருக்கும் எலக்ட்ரான்களையும் அது இழுத்துக்கொண்டு போவதால், கூட்டத்தில் எதிர்மின்னூட்டம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடிவிடும். பொழிவின் குறுக்களவு சுமார் 10 செ.மீ. அதைவிட நீண்ட அலைநீளத்தில் பார்த்தால் அது ஒரே மின்னூட்டக் கட்டி; அதன் செரன்கோவ் அலைகள் (ஓர் ஊடகத்தில் ஒளியைவிட வேகமாக ஓடும் மின்னூட்டம் உமிழ்பவை) ஒன்றோடொன்று ஒத்துச் சேரும். அதனால் ரேடியோ திறன் ஆற்றலின் இருமடியில் ஏறும். குர்கன் அஸ்கார்யான் இதை 1962இல் கணித்துச் சொன்னார். பிறகு அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் முதலில் மணலிலும், பின்னர் பாறை உப்பிலும், 2006இல் பனிக்கட்டியிலும் சோதித்து உறுதிப்படுத்தினார்கள். பனியின் ஒளிவிலகல் எண் 1.78 என்று வைத்தால், துடிப்பு பொழிவின் திசைக்கு ஏறக்குறைய 56 டிகிரியில் ஒரு கூம்பாக வெளியேறும்.

இவை மிக அரிது. ஒரு கன கிலோமீட்டர் பனியை ஓராண்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஒன்று கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் பலூன். 37 கி.மீ. உயரத்திலிருந்து தொடுவானம் எவ்வளவு தூரம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்: 2 × 6371 × 37, அதன் வர்க்கமூலம் 687 கி.மீ. பரப்பு சுமார் 15 லட்சம் சதுர கி.மீ., அதாவது பதினொரு தமிழ்நாடு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நேர் மேலே அந்த உயரத்தில் நின்றால் தெற்கே இலங்கை முழுதும், வடக்கே கர்னூலைத் தாண்டியும் கண்ணுக்குள் வந்துவிடும்.

அப்படியானால் இங்கேயே பறக்கவிடலாமே என்று கேட்பவர்களுக்குப் பதில் தண்ணீரில் இருக்கிறது. குளிர்ந்த அண்டார்டிகப் பனியில் ரேடியோ அலை ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தாங்கிப் போகும். நம் வாய்க்கால் தண்ணீரில் 200 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய ஒரு மீட்டரில் சோர்ந்துவிடும். கடல்நீரில் அதுகூட இல்லை. வங்காள விரிகுடா எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்?

அனிட்டா 2006, 2008, 2014, 2016 ஆகிய ஆண்டுகளின் டிசம்பரில் நான்கு முறை அண்டார்டிகாவில் பறந்தது. முதல் முறை 32 கொம்பு ஆன்டெனாக்கள். கடைசி இரண்டு முறை 48. கேட்ட பட்டை ஏறக்குறைய 200 முதல் 1200 மெகாஹெர்ட்ஸ். நான்கு பயணத்திலும் 'இது நியூட்ரினோதான்' என்று அடித்துச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் தேடாத ஒன்று முதல் பயணத்திலேயே மாட்டியது. அதை அடையாளம் காட்டிய தலைகீழ்த் துடிப்பைத்தான் நாம் வயலில் செய்துபார்க்கப் போகிறோம்.

லைட்டர் ஏன்

கருவி வானத்தில் இருக்கும்போது அதைச் சரிபார்க்க ஒரு தெரிந்த துடிப்பு வேண்டும். அதற்கு ஹைகால் என்ற சின்னப் பலூனை அனிட்டாவின் பின்னால் பறக்கவிட்டார்கள். முதலில் 2015 ஜனவரியில், பிறகு 2016 டிசம்பரில். அதற்குள் இருந்த துடிப்பு மூலம், முகாம் அடுப்பு பற்றவைக்கும் பீசோ படிகம் (அழுத்தினால் மின்னழுத்தம் தருவது). உங்கள் வீட்டு அடுக்களையில் 'டக்' என்று அழுத்துவதும் அதே இனம்தான். ஹைகாலின் துடிப்பு அனிட்டாவுக்கு இரண்டு வழியில் வந்தது: நேராக ஒன்று, பனிப்பரப்பில் பட்டுத் திரும்பி ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டால் பனி எவ்வளவு பிரதிபலிக்கிறது என்று தெரிந்துவிடும். பரம்படித்து, கணுக்கால் தண்ணீர் நிற்கும் வயல் பனியைவிட நல்ல கண்ணாடி.

சாமான்

15 கிலோ எண்ணெய் டின் ஒன்று. நான்கு பக்கத் தகடுகளையும் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு முக்கோணம்: நீளம் 34 செ.மீ., அடி 23 செ.மீ. இரண்டிரண்டாக நுனிகளை எதிரெதிரே வைத்தால் இரண்டு வண்ணத்துப்பூச்சி ஆன்டெனாக்கள். அலுமினியத் தகடு வேண்டாம். சாதாரண ஈயம் அதில் பற்றாது. டின் தகட்டில் அருமையாகப் பற்றும். ஒல்லியான கம்பி டைபோலும் வேண்டாம். அது கோயில் மணி மாதிரி அடித்தபின் வெகுநேரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்த ஒலிப்பிலேயே நமக்கு வேண்டிய எதிரொலி மூழ்கிவிடும். அகலச் சிறகு சீக்கிரம் அடங்கும்.

பந்தல் மூங்கில் இரண்டு: 20 அடி ஒன்று, 30 அடி ஒன்று. மூன்றரை அடி வரப்பில் இறக்கினால் 5 மீட்டரும் 8 மீட்டரும் மேலே நிற்கும். உயரத்தைத் தண்ணீர் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும், வரப்பிலிருந்து அல்ல.

ஆர்ஜி-6 கேபிள் 15 மீட்டர், டிடிஎச் கடையில் கிடைப்பதே போதும். அதன் மின்மறிப்பு 75 ஓம். டைபோல் குடும்பத்துக்கு அது 50 ஓமைவிடப் பொருத்தம். ஒன்று மட்டும் கவனம்: இந்தக் கேபிளின் வெளிப்பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் வைக்க முடியாது. அதனால் எஃப் சாக்கெட் ஒன்று வாங்கி அதன் நடுமுள்ளில் ஒரு சிறகையும் உடலில் மற்றொன்றையும் பற்றவைத்துவிட்டு, கேபிளைத் திருகி மாட்டுங்கள். மறுமுனைக்கு எஃப்-பிஎன்சி மாற்றி, ஒரு டி இணைப்பு, ஒரு 75 ஓம் முடிப்பு (டெர்மினேட்டர்). கேபிளில் கவ்வும் ஃபெரைட் வளையம் ஐந்து.

ஸ்கோப் 200 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் நல்லது. 100 மெகாஹெர்ட்ஸும் 1 ஜிகாசாம்பிளும் இருந்தாலும் சமாளிக்கலாம். பல மலிவு ஸ்கோப்புகளில் இரண்டு சேனலையும் திறந்தால் வேகம் பாதியாகிவிடும். இந்தச் சோதனைக்கு ஒரே சேனல் போதும், மற்றதை அணைத்துவிடுங்கள்.

இதற்கு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் குட்டி ரேடியோ வாங்கி) பயன்படாது. பலர் அதை வாங்கிவைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள், அதனால் காரணத்தைச் சொல்ல வேண்டும். அது நொடிக்கு 24 லட்சம் முறை அளக்கிறது. இரண்டு அளவுக்கு இடையில் ஒளி 125 மீட்டர் ஓடிவிடும். நாம் பிரிக்க வேண்டிய பாதை வித்தியாசமோ 6 மீட்டர். டாங்கிளுக்கு வேறு வேலை இருக்கிறது, பின்னால் வருகிறது.

இடமும் நேரமும்

சேற்றுழவு முடிந்து பரம்படித்து, நடவுக்கு ஒன்றிரண்டு நாள் இருக்கும்போதுதான் வயல் நமக்கு வேண்டிய கண்ணாடி. வயல்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மட்டம் பார்த்து வைத்த வயலில் யாரோ காலை வைத்துக் குழி போட்டால் யாருக்கும் கோபம் வரும், நியாயமான கோபம். வயலுக்குள் இறங்கவே தேவையில்லாத ஏற்பாடு இது: இரண்டு வரப்புகள் செங்குத்தாகச் சேரும் மூலையிலிருந்து ஒவ்வொரு வரப்பிலும் 7 மீட்டர் அளந்து ஒரு மூங்கிலை நடுங்கள். இரண்டு மூங்கிலுக்கும் இடையே குறுக்காக 10 மீட்டர் வந்துவிடும். நடுவில் முழுதும் தண்ணீர்.

கம்பம் நடும்முன் அண்ணாந்து பாருங்கள். டெல்டாவில் பம்ப்செட்டுக்குப் போகும் மின்கம்பிகள் வயலைக் குறுக்கே கடந்து, பல இடங்களில் தொய்ந்து கிடக்கும். ஈர மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும். எந்தக் கம்பியிலிருந்தும் 15 மீட்டருக்குள் 30 அடி மூங்கிலைத் தூக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் அன்றைக்கு வேலை இல்லை. விமான நிலையம், விமானப்படைத் தளம் பக்கமும் வேண்டாம். தஞ்சாவூர்க்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

செய்முறை

1. லைட்டரைப் பிரித்து பீசோ உருளையை மட்டும் எடுங்கள். அதன் இரு முனைகளையும் குட்டைக் கம்பியால் 5 மீட்டர் கம்பத்தின் இரு சிறகுகளோடும் இணையுங்கள். சிறகு நுனிகளுக்கு இடையே 1 மி.மீ. இடைவெளி; பொறி அங்கேதான் பாய வேண்டும். சிறகுகளைத் தாங்குவது பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மரக்கட்டையில் கட்டினால், காலைப் பனியில் ஈரம் ஏறி மின்னூட்டம் அதன் வழியே கசிந்துவிடும். 'டக்' சத்தம் மட்டும் வரும், பொறி வராது.

2. பீசோவை ஒரு நெம்புகோலில் பொருத்தி நைலான் கயிற்றால் கீழிருந்து இழுங்கள். உலோகக் கம்பியால் இழுத்தால் அதுவே ஓர் ஆன்டெனா ஆகிவிடும். பொறியில் பல ஆயிரம் வோல்ட் உண்டு. ஆற்றல் சொற்பம், சுருக்கென்று அடிக்கும், அவ்வளவுதான். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் தொடக் கூடாது. ஸ்கோப்புக்கும் டாங்கிளுக்கும் பக்கத்தில் வைத்து அழுத்தக் கூடாது.

3. 8 மீட்டர் கம்பத்தில் வாங்கும் ஆன்டெனா. இரண்டும் கிடைமட்டமாக, கம்பங்களை இணைக்கும் கோட்டுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். அப்போதுதான் நேர்ப்பாதைக்கும் வயல் பாதைக்கும் ஆன்டெனாவின் கேட்கும் திறன் ஒன்றாக இருக்கும். ஃபெரைட் வளையங்கள் ஐந்தையும் சாக்கெட்டுக்கு ஒட்டினாற்போல் கேபிளில் கவ்வுங்கள்.

4. ஸ்கோப்பில் கட்டம் ஒன்றுக்கு 10 நானோநொடி, 20 மில்லிவோல்ட், சிங்கிள் பதிவு. துடிப்பு திரையைத் தாண்டினால் அளவைக் கூட்டுங்கள். தூண்டல் மட்டம் (டிரிகர் லெவல்), சும்மா இருக்கும்போது தெரியும் இரைச்சலைப் போல மூன்று பங்கு.

5. முப்பது தடவை இழுத்து, ஒவ்வொன்றையும் சிஎஸ்வி கோப்பாகச் சேமியுங்கள். கோப்புப் பெயரிலேயே கம்ப உயரம், தண்ணீர் ஆழம், நேரம் மூன்றும் இருக்கட்டும். இதைச் செய்யாதவர்கள் சாயங்காலம் தலையில் கைவைத்து உட்காருவார்கள்.

என்ன தெரிய வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கையில் வைத்திருங்கள். நேர்ப்பாதை: 10 மீட்டரும் உயர வித்தியாசம் 3 மீட்டரும் சேர்ந்து 10.44 மீ. வயல் பாதை: 10 மீட்டரும் உயரங்களின் கூட்டல் 13 மீட்டரும் சேர்ந்து 16.40 மீ. வித்தியாசம் 5.96 மீ., அதாவது 20 நானோநொடி. முதல் துடிப்புக்கு 20 நானோநொடி கழித்து இரண்டாவது ஒன்று வர வேண்டும். அளவு ஏறக்குறைய பாதி. முக்கியமாக, அது தலைகீழாக இருக்க வேண்டும்: முதலாவது மேலே எழும்பித் தாழ்ந்தால் இது தாழ்ந்து எழும்ப வேண்டும்.

ஏன் பாதி? தண்ணீரின் ஒளிவிலகல் எண் இந்த அதிர்வெண்ணில் 9க்கு அருகில். கிடைமட்டத் தளவிளைவுள்ள (மின்புலம் கிடைமட்டமாக அதிரும்) அலை 38 டிகிரி படுகோணத்தில் பட்டால், எவ்வளவு திரும்பும் என்று சொல்லும் ஃப்ரெனல் சமன்பாடு -0.84 தரும். பாதை நீளத்தால் வரும் தேய்வு 0.64. பெருக்கினால் 0.53. ஆனால் 5 செ.மீ. தண்ணீர் இந்த அலைக்கு ஒரு மெல்லிய திரைதான். அடியிலிருக்கும் சேற்றையும் அது பார்க்கும். நீர் ஊறிய களிமண்ணுக்கு எண் 5.5 என்று வைத்தால் விடை 0.48. ஆக பாதியை ஒட்டி எது வந்தாலும் சந்தோஷப்படலாம். அந்த மைனஸ் குறிதான் தலைகீழ்.

பிரதிபலிக்கும் இடம் சின்னக் கம்பத்திலிருந்து 3.85 மீட்டரில் இருக்கிறது. அது ஒரு புள்ளி அல்ல. 200 மெகாஹெர்ட்ஸில் இரண்டரை, மூன்று மீட்டர் ஆரமுள்ள ஒரு திட்டு. அந்தத் திட்டுக்குள் வரப்போ, நாற்றுக்கட்டுக் குவியலோ, மேய்கிற மாடோ இருக்கக் கூடாது. மண்கட்டிகளைப் பற்றிக் கவலை வேண்டாம்: இந்த அலைநீளத்துக்கு 20 செ.மீ. வரையிலான மேடுபள்ளம் மட்டமான தரைதான். காற்றில் எழும் சிற்றலையும் அப்படியே.

தப்பாகப் போவது

இரண்டாவது துடிப்பு தெரிகிறது, ஆனால் அது வயலிலிருந்து வந்ததா? முதல் நாளில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இது. சின்னக் கம்பத்தின் ஆன்டெனாவை 5 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்கு இறக்குங்கள். பாதைகள் 11.18, 14.87 என்று மாறும், இடைவெளி 12.3 நானோநொடியாகச் சுருங்க வேண்டும். சுருங்கினால் வயல். 20லேயே நின்றால் அது உங்கள் கருவிக்குள்ளிருந்து வருகிறது. வேறு ஏதோ எண்ணுக்குப் போனால் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையோ டிராக்டரோ நிற்கிறதா என்று பாருங்கள்.

சுமார் 120 நானோநொடியில் ஒரு மேடு வந்தால் அது கேபிளின் வேலை. ஆர்ஜி-6இல் ஒரு மீட்டருக்கு 4 நானோநொடி; 15 மீட்டர் போய்வர 120. ஸ்கோப் முனையில் 75 ஓம் முடிப்பு இல்லை, அல்லது எஃப் முனையைச் சரியாக முறுக்கவில்லை. ஸ்கோப்பின் உள்மறிப்பு 1 மெகாஓம் என்பதை மறந்துவிட்டு நேரே மாட்டுகிறவர்கள்தான் பாதிப் பேர்.

முதல் துடிப்பே 20 நானோநொடி வரை அதிர்ந்துகொண்டிருந்தால் ஃபெரைட் போதவில்லை. கம்பத்தோடு இறங்கும் கேபிள் தானே செங்குத்து ஆன்டெனாவாகப் பாடுகிறது. வளையங்களைக் கூட்டுங்கள், கேபிளைச் சிறகின் நடுவிலிருந்து ஒரு மீட்டராவது கிடைமட்டமாகப் பின்னால் இழுத்து, பிறகு இறக்குங்கள்.

துடிப்பு ஒரு தடவை மேலே, அடுத்த தடவை கீழே வந்தால் அது பிழை அல்ல. பீசோவை அழுத்தும்போது ஒரு திசையிலும் விடும்போது எதிர்த்திசையிலும் மின்னூட்டம் வரும். அதனால் பதிவுகளை அப்படியே சராசரி எடுத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் தன்னோடு தானே ஒப்பிடும் தன்தொடர்பைக் கணக்கிட்டு, அவற்றைச் சராசரி எடுங்கள். அதற்கு மொத்தக் குறி மாறினாலும் கவலையில்லை. பைத்தானில் நம்பை (NumPy) நூலகம் இருந்தால் பத்து வரி. 20 நானோநொடி தள்ளலில் -0.4 அளவுக்கு ஒரு பள்ளம் விழ வேண்டும். பள்ளத்துக்குப் பதில் மேடு விழுந்தால், ஏதோ ஓர் ஆன்டெனா செங்குத்தாகச் சாய்ந்திருக்கலாம். செங்குத்துத் தளவிளைவில் இந்தக் கோணத்துக்கு எதிரொலி தலைகீழாகாது. வேண்டுமென்றே இரண்டையும் செங்குத்தாகத் திருப்பி அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எதிரொலி சின்னதாக இருக்கும், ஆனால் நேராக இருக்கும்.

ஆசை வந்து, லைட்டருக்குப் பதிலாக வண்டியின் இக்னிஷன் காயிலை மாட்டலாமா என்று யாராவது கேட்பார்கள். மாட்டக் கூடாது. அது உரிமமில்லாத ஒலிபரப்பு. அக்கம்பக்கத்து ரிசீவர்களையும் கெடுக்கும். பலூனோ பட்டமோ கட்டி மேலே ஏற்றுவதும் வேண்டாம்.

களையெடுப்பு

லைட்டர் வேலை முடிந்தபின் அதை எடுத்து வீட்டில் கொடுத்துவிடலாம். ஆன்டெனாவும் ஸ்கோப்பும் அப்படியே இருக்கட்டும். தூண்டல் மட்டத்தைக் குறைத்து, யாரும் அழுத்தாமலே என்னென்ன துடிப்புகள் வருகின்றன என்று ஓர் இரவு கேளுங்கள். பலூன் கருவிக்காரர்களின் உண்மையான வேலை இதுதான். அனிட்டாவின் முதல் பயணத்தில் பதிவானவை 80 லட்சத்துக்கும் மேல். அவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே வெப்ப இரைச்சல். எஞ்சியதில் பெரும்பகுதி மனிதர் உண்டாக்கியது. நெல் நாற்றோடு முளைக்கும் புல்லைப் பிடுங்குவது போலத்தான்: பார்க்க ஒன்றாகத் தெரியும், கணுவைப் பார்த்தால்தான் வேறு.

இங்கே பார்க்க வேண்டிய கணு, துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம். 10 மில்லிநொடி, 20, 30 என்று வந்தால் அது மின்கம்பியில் பீங்கான் தெறிப்பு. 50 ஹெர்ட்ஸின் ஒவ்வோர் அரைச் சுற்றிலும் ஒன்று. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்புக்காற்று பீங்கானில் படிவதால் இது அதிகம்; நல்ல மழை கழுவிவிட்டால் குறையும். நொடிக்கு ஒன்று, கடிகாரம் மாதிரி வந்தால் பன்றிக்காகப் போட்ட சோலார் வேலி. ஏறி இறங்கும் வேகத்தில் வந்து மங்கினால் சாலையில் போகும் மோட்டார் சைக்கிள். டீசல் இன்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது என்பதால் அறுவடை இயந்திரம் பக்கத்திலேயே ஓடினாலும் இந்த வகைத் துடிப்பு வராது. தெரியாதவர்கள் முதலில் அதைத்தான் சந்தேகப்படுவார்கள். மும்முனை மின்சாரம் வந்த நொடியில் ஒரே கொத்தாக வருவது பம்ப்செட் ஸ்டார்ட்டர்கள். தானியங்கி ஸ்டார்ட்டர் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணியே விடலாம்.

துடிப்பில்லாத, தொடர்ந்து ஒலிக்கும் களைகளைக் காண இப்போது டாங்கிளை எடுங்கள். காரைக்கால், திருச்சிப் பண்பலைகள் 88இலிருந்து 108 மெகாஹெர்ட்ஸுக்குள். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் செல்பேசிக் கோபுரங்கள். அனிட்டாவின் பட்டையை டெல்டாவில் திறந்துவைத்தால் காது கிழிந்துவிடும். அண்டார்டிகாவிலும் முழு அமைதி இல்லை: 260 மெகாஹெர்ட்ஸ் பக்கம் செயற்கைக்கோள்கள் தொல்லை கொடுத்ததால், நான்காவது பயணத்தில் அந்த அதிர்வெண்களை மட்டும் வெட்டும், நகர்த்தக்கூடிய வடிகட்டிகளை வைத்தார்கள்.

நேரத்துக்கு அடுத்த கணு, திசை. 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு வாங்கும் ஆன்டெனாக்களை வைத்தால், துடிப்பு எதில் முந்தி வந்தது என்பதிலிருந்து திசை கிடைக்கும். ஒளி 10 மீட்டர் ஓட 33 நானோநொடி. அதற்குள்தான் எல்லா விடையும். இதற்கு இரண்டு கேபிளும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். அரை மீட்டர் வித்தியாசம் 2 நானோநொடிப் பிழை. திசையில் மூன்றரை டிகிரி தவறும், பக்கத்து வயல் பம்ப்செட்டுக்குப் பதில் அடுத்த வயல்காரர் மேல் பழி விழும். ஓர் இரவின் துடிப்புகளைத் திசைவாரியாக வரைந்தால் கொத்துக் கொத்தாக விழும். கொத்தாக விழுவது எல்லாம் களை. அனிட்டாவும் அப்படியே செய்தது: ஆய்வு முகாம்களுக்கு அருகில் வந்ததும், ஒன்றோடொன்று ஒட்டி வந்ததும் ஒதுக்கப்பட்டன. தனியாக, வேறெதோடும் சேராமல் நிற்பதுதான் தேர்வாகும்.

மூன்றாவது ஆன்டெனா எதற்கு என்று கேட்டால், கணக்கைப் பாருங்கள். ஒவ்வொன்றும் இரைச்சலால் நொடிக்கு 1000 தடவை தூண்டப்படுகிறது, ஒத்துவர வேண்டிய சாளரம் 100 நானோநொடி என்று வைப்போம். இரண்டு ஒத்துவருவது தற்செயலாக 5 நொடிக்கு ஒரு தடவை நடக்கும். மூன்றும் ஒத்துவருவது 9 மணி நேரத்துக்கு ஒரு தடவை. அனிட்டாவுக்குப் பின் வந்த பூயோ திட்டம் இதிலும் ஒரு படி மேலே போகிறது. ஆன்டெனா ஒவ்வொன்றும் தனியாக முடிவெடுக்காமல், பல ஆன்டெனாக்களின் அலைகளைத் திசைக்கேற்பத் தள்ளிக் கூட்டிய பிறகே தூண்டலைத் தீர்மானிப்பது அதன் முறை. ஆகவே இன்னும் பலவீனமான துடிப்பும் தப்பாது.

அந்தத் தலைகீழ்

வயலில் பார்த்த மைனஸ் குறி எதற்கு உதவுகிறது என்பது இப்போது புரியும். அண்டார்டிகாவில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய செங்குத்து. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் காற்றில் உண்டாக்கும் பொழிவின் துகள்களை அது பக்கவாட்டில் பிரிப்பதால், அந்த ரேடியோ துடிப்பு கிடைமட்டத் தளவிளைவோடு வரும். பனிக்குள்ளிருந்து வரும் நியூட்ரினோ துடிப்போ பெரும்பாலும் செங்குத்து. முதல் பயணத்தின் பதிவுகளில் கிடைமட்டமானவை 16 தனித்து நின்றன. அவற்றில் 14 பனியில் பட்டுத் திரும்பியவை, தலைகீழாக இருந்தன. தொடுவானத்துக்கு மேலிருந்து நேரே வந்த 2 மட்டும் நிமிர்ந்திருந்தன. நியூட்ரினோவுக்கு விரித்த வலையில் காஸ்மிக் கதிர் மாட்டியது இப்படித்தான்.

சிக்கலும் அதே குறியிலிருந்துதான் தொடங்கியது. முதல் பயணத்தில் ஒன்று, மூன்றாவது பயணத்தில் ஒன்று என இரண்டு துடிப்புகள் கிடைமட்டக் கோட்டுக்கு 27, 35 டிகிரி கீழே, பனிப்பக்கமிருந்து வந்தன. தளவிளைவு காஸ்மிக் கதிர் போலவே கிடைமட்டம். பனியில் பட்டுத் திரும்பியவை என்றால் தலைகீழாக இருந்திருக்க வேண்டும். இல்லை, நிமிர்ந்தே இருந்தன. கீழிருந்து மேலே வந்தவை என்றால் பூமிக்குள் 5,000 கி.மீ.க்கு மேல் துளைத்து வந்திருக்க வேண்டும். அந்த ஆற்றலில் நியூட்ரினோவுக்கே பூமி கனத்த சுவர். ஐஸ்கியூப், ஓஷே ஆகிய மற்ற ஆய்வகங்களின் தேடலிலும் இதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. இன்னும் விளக்கம் இல்லாத விஷயம் இது. செய்தித்தாள்களில் இதை ஒட்டி வந்த 'இணைப் பிரபஞ்சம்' கதையை மட்டும் விட்டுவிடுங்கள்.

இதற்கு மேல் போக விரும்பினால் நியூரேடியோஎம்சி என்ற திறந்த மென்பொருள் பைத்தானில் இலவசமாகக் கிடைக்கிறது. பனிக்குள் ஒரு பொழிவை வைத்து, ஆன்டெனாவில் என்ன வரும் என்று அதில் கணிக்கலாம். முதலில் இரைச்சல் இல்லாமல் ஓட்டுங்கள். பிறகு உங்கள் வயலில் பதிவுசெய்த ஓர் இரவின் இரைச்சலை அதன்மேல் கூட்டி, எந்த ஆற்றல் வரை துடிப்பு தலைதூக்கி நிற்கிறது என்று பாருங்கள்.

மூங்கில் நட்ட இரண்டு இடத்திலும் ஒரு கல்லைப் புதைத்து வையுங்கள். சித்திரையில் வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது அதே இடத்தில், அதே உயரத்தில் திரும்பவும் முப்பது தடவை இழுங்கள். காய்ந்த மண்ணின் ஒளிவிலகல் எண் 2 என்று வைத்தால் எதிரொலி 0.26க்கு இறங்கியிருக்கும், தன்தொடர்பின் பள்ளம் -0.24க்கு. அண்டார்டிகாவின் மேற்பனிக்கு 1.35 என்று போட்டால் இதே ஏற்பாட்டில் 0.13தான் வரும். வெடிப்புகள் ஆழமாக இருந்தால் வண்ணத்துப்பூச்சியை நிமிர்த்தும் சாக்கில் அதற்குள் காலை விட்டுவிடாதீர்கள்.